ஞாயிறு வண்டி வேலை: முதலில் பிரேக்
குழுவினருக்கு வணக்கம். பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் அம்மாக்களின் ஸ்கூட்டர்களுக்கு வரும் ஞாயிறு காலை 7 மணி முதல் ஏற்காடு அடிவாரத்தில் இலவச வேலை.

எதைத் தொடும் முன்பும் பின் பிரேக்கைக் கழற்றிப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறி, அதில் உரசிப் பிடிக்கும் பட்டையான லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும். அப்புறம் லிவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் உப்புத்தாளில் தேய்த்து ஒப்பேற்ற வேண்டாம், லைனிங் ஒட்டியிருக்கும் இரண்டு ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள். லிவரில் 10 முதல் 20 மி.மீ. பிளே, அதாவது பிரேக் பிடிக்கும் முன் லிவர் சும்மா நகரும் தூரம், இருக்கட்டும்.

கியர் ஆயிலையும் பாருங்கள். 100 மி.லி. சொச்சம்தான், பலரும் மறந்துவிடுகிறார்கள்.

உதிரிபாகச் செலவு குழுவுடையது. ஆர்.சி. இருந்தால் போதும், யாரிடமும் குடும்பக் கதை கேட்காதீர்கள், போட்டோ எடுத்துப் போடாதீர்கள்.