யாழ்ப்பாணத்துக் கிளை முகாமையாளர்களுக்கு: பெயர்ப்பலகை விளக்கு எரியத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள்

மதிப்புக்குரிய முகாமையாளர்களே,

ஆஸ்பத்திரி வீதி, ஸ்ரான்லி வீதி, காங்கேசன்துறை வீதி, திருநெல்வேலிச் சந்தி என்று உங்கள் கிளைகளுக்கு மேலே இரவில் எரியும் பெயர்ப்பலகைகளில், எங்கள் பேச்சில் போர்ட்டுகளில், சிலவற்றைச் செய்து பூட்டியவன் நான். வங்கி, லீசிங் கொம்பனி, காப்புறுதி, தொலைபேசி, சுப்பர் மார்க்கெற் என்று நீங்கள் பல துறைக்காரர். எனக்கு எல்லாரும் ஒன்றுதான்: ஓடர் தருகிறவர் இங்கே இருப்பார், காசு தருகிறவர் கொழும்பில் இருப்பார். இந்த மடலைக் கொழும்புக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதும் அதனால்தான். கொழும்பில் நான் வெறும் வெண்டர் நம்பர். உங்களுக்கு என் முகம் தெரியும், பட்டறை தெரியும், என்னோடு நிற்கும் பெடியன்களைத் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவரும் என்னை ஏமாற்றவில்லை. உங்கள் காசு வரும், சதம் குறையாமல் வரும். எப்போது வரும் என்பதில்தான் என் சீவன் போகிறது. கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்காரர் ஐந்நூறு ரூபாவுக்கும் அரை மணித்தியாலம் இழுபறிப்படுவார். ஆனால் போர்ட் ஏறிய அன்றைக்கே லாச்சியைத் திறந்து எண்ணித் தருவார். நீங்கள் விலையில் அதிகம் கரைச்சல் தருவதில்லை. பிறகுதான் கரைச்சல்.

உங்கள் ஓடரில் 45 நாள் கிரெடிற், அதாவது 45 நாள் தவணையில் காசு என்று இருக்கும். சிலதில் 60. அதை நான் தாங்குவேன், விலை போடும்போதே அதையும் கணக்கில் எடுத்துத்தான் போடுகிறேன். என் கேள்வி வேறு. அந்த 45 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள்? போர்ட் எரியத் தொடங்கிய நாளிலிருந்து இல்லை. பில்லை உங்கள் மேசையில் வைத்த நாளிலிருந்தும் இல்லை. கொழும்பில் கணக்குப் பிரிவில் யாரோ ஒருவர் எல்லாத் தாளையும் பார்த்து, சரி என்று கணினியில் ஏற்றுகிற நாள்தான் முதலாம் நாள். அதற்கு முந்தியது எதுவும் கணக்கில் வராது. ஒரு தாள் குறைந்தால் பைல் திரும்பி வரும். திருத்தி அனுப்பினால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள்.

சென்ற வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கிளையின் பெயர் வேண்டாம். ஓடர், டெலிவரி நோட், பகலில் எடுத்த படம், இரவில் எடுத்த படம், வங்கிக் கணக்கை உறுதிப்படுத்தும் கடிதம், பில் எல்லாவற்றையும் குத்தி அனுப்பினேன். கிளை முத்திரை கையெழுத்துக்கு மேலே விழுந்து திகதி தெரியவில்லை என்று திரும்பி வந்தது. சரி, புதிதாக முத்திரை குத்தி அனுப்பினோம். பிறகு, ஓடரில் 24 அடி, பில்லில் 7.3 மீற்றர், அளவு பொருந்தவில்லை என்று வந்தது. இரண்டும் ஒரே நீளம் என்று சொல்லப் போனால், "எங்களுக்கு அது தெரியும் மிஸ்டர், சிஸ்டம் எடுக்காது" என்றார்கள். அதையும் மாற்றினேன். அதற்கிடையில் ஓடர் போட்ட மார்க்கெற்றிங் பிள்ளை வேறு கொம்பனிக்குப் போய்விட்டார். அவருடைய கதிரைக்கு வந்தவர், இந்த வேலை தனக்குத் தெரியாது, கிளையிலிருந்து உறுதிக் கடிதம் வேண்டும் என்றார். முத்திரையும் அளவும் முதல் நாளே கண்ணுக்குத் தெரிகிற குறைகள். ஒன்றைத் திருத்தினால்தான் அடுத்ததைச் சொல்வோம் என்று என்ன விரதமோ தெரியாது.

இவ்வளவு காலமும் போர்ட் தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது. திறப்புவிழாவுக்கு நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி, கொழும்பிலிருந்து வந்த பெரியவர்கள் அதற்குக் கீழே நின்று நாடா வெட்டிய படத்தை உங்கள் முகநூல் பக்கத்தில் பார்த்தேன். ஓரத்தில் ஏணியோடு நின்ற என் பெடியனை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டிருந்தீர்கள்.

என் பக்கத்துக் கணக்கைக் கேளுங்கள். அலுமினியம் காம்போசிற் சீற், அக்ரிலிக், எல்ஈடி மொடியூல், பவர் சப்ளை எல்லாம் இறக்குமதிச் சாமான். கொழும்புக் கடைக்காரர் தன் கணக்கில் காசு விழுந்தால்தான் லொறியில் ஏற்றுவார். பொக்ஸ் பார் இங்கேயே வாங்கலாம், அதுவும் கைக்காசுக்கு. உப்புக் காற்றுக்குச் சாதாரண ஆணி இரண்டு மாரிக்குத் தாங்காது, ஸ்ரெயின்லெஸ் போட வேண்டும். நாலு இலட்ச ரூபா வேலையில் இரண்டரை இலட்சம் வரை முதல் எழுத்தை வெட்ட முன்னமே போய்விடும். போர்ட்டை மேலே தூக்க வருகிற பூம் ட்ரக்குக்கு அன்றைக்கே வாடகை. பெடியன்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். அவர்களிடம் போய், உங்கள் டெலிவரி நோட்டில் முத்திரை தெளிவில்லை என்று நான் சொல்ல ஏலுமா?

கொழும்பிலிருந்து வருகிற வடிவமைப்பில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம், புள்ளி காணாமல் வரும். அதை இரவிரவாக இருந்து திருத்துவதும் நாங்கள்தான். அதற்குப் பில் போட்டதில்லை, போடப்போவதுமில்லை. பிழையாக எழுதின போர்ட்டை எங்கள் ஊரில் ஏற்ற எனக்கே மனம் வராது.

காசு வரும்வரை எப்படிச் சமாளிக்கிறேன்? சீட்டை முந்தி எடுப்பேன், கைமாற்று வாங்குவேன், அதுவும் போதாவிட்டால் மனிசியின் சங்கிலி அடைவுக்குப் போகும். ஒருமுறை ஒரு வங்கிக் கிளைக்குப் போர்ட் செய்து பூட்டிவிட்டு, பில் கொழும்பில் கிடந்தபடியால், அடுத்த வேலைக்குச் சாமான் எடுக்க அதே கிளையிலேயே நகையை அடைவு வைத்தேன். எனக்குக் காசு தரவேண்டிய இடத்துக்கு நான் வட்டி கட்டினேன். நான் வைத்த போர்ட்டுக்குக் கீழால்தான் உள்ளே போனேன். அந்த வட்டி நகை வைத்த அன்றைக்கே ஓடத் தொடங்கியது. முத்திரை தெளிவில்லை என்று அது ஒருநாளும் நின்றதில்லை.

2022 ஐ நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 க்குப் போனது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. பெப்ரவரியில் விலை போட்டுச் செய்த வேலைகளுக்கு அந்தக் கலவரம் எல்லாம் முடிந்தபிறகு பழைய விலையில் காசு வந்தது. அந்தக் காசுக்கு அதே மொடியூலில் பாதியளவுதான் வாங்க முடிந்தது. அந்த வருடம் எங்கள் தொழிலில் பட்டறையைப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேலை இருந்தது. கையில் காசுதான் இல்லை. வற் எனும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு உள்ளவர்களுக்கு இன்னொரு இடி: இப்போது 18 வீதம், பில் எழுதினால் கட்ட வேண்டும், வாடிக்கையாளர் தந்தாரா என்று இறைவரித் திணைக்களம் கேட்பதில்லை.

சட்டத்துக்குப் போகலாமே என்பீர்கள். நான் வங்கிக்குக் கடன்பட்டு ஈடு வைத்திருந்தால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றப் படி ஏறாமலே என் காணியை ஏலத்தில் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. பராட்டே என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதுதான். சிறு தொழில் செய்கிறவர்கள் போட்ட கூச்சலில் 2024 இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். மறுபக்கம், எனக்கு வரவேண்டிய காசுக்கு என்ன உண்டு? வழக்குத் தொடுக்கக் காலவரை வைக்கும் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு. கடைக் கடனும் செய்த வேலைக்கான கூலியும் என்றால் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது. எழுத்திலே ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம். ஆனால் உங்கள் அவசர வேலைகள் எப்படித் தொடங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும்: "அண்ணை, நீங்கள் வேலையைத் தொடங்குங்கோ, பி.ஓ. பின்னால வரும்." பி.ஓ. என்றால் எழுத்திலான ஓடர்.

பாக்கு நீரிணைக்கு அங்கால் இந்தியாவில் 2006 இல் சிறு தொழில்களுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் என்னதான் பேசி எழுதினாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. போனால் ரிசர்வ் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் வட்டிக்கு வட்டியாக. அதைவிட எனக்குப் பிடித்தது, நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதையும் அதில் எழுதி வைத்திருப்பது. சாமான் கையில் கிடைத்த நாள், வேலை முடிந்த நாள்தான் முதல் நாள். குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அங்கேயும் எல்லாருக்கும் நேரத்துக்குக் காசு வருகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்குப் பிரிவு நினைத்த நாள் முதலாம் நாள் ஆகாது.

இதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன், சட்டம் வரும்வரை காத்திருக்காமல். போர்ட் எரிந்த அன்று மாலை, வேலை முடிந்ததற்கான தாளில் திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். அந்தத் திகதியிலிருந்துதான் 45 நாள் என்று ஓடரிலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள். பைலில் குறை இருந்தால் இரண்டு கிழமைக்குள், எல்லாக் குறையையும் ஒரேயடியாகச் சொல்லச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு இதனால் ஒரு சதம் கூடுதல் செலவில்லை.

"கொழும்பு விதி அண்ணை, எங்களால ஒண்டும் செய்யேலாது" என்று சொல்வீர்கள். திறப்புவிழாவுக்குச் சுபநேரம் வைத்தாயிற்று, போர்ட் இன்னும் இல்லை என்றால், இரவு ஒன்பது மணிக்குக் கொழும்பைத் தொலைபேசியில் பிடித்துச் சம்மதம் வாங்குகிறவர்களும் நீங்கள்தானே. சுன்னாகத்தில் ஒரு முகாமையாளர் இருந்தார். பைலை அனுப்ப முன் தானே ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்ப்பார், அனுப்பிய அடுத்த நாள் கணக்குப் பிரிவுக்கு ஒரு கோல் எடுப்பார். அவருடைய பில் ஒன்றும் பிந்தியதில்லை. இடமாற்றம் கிடைத்து அவர் போனபோது அவருடைய ஊழியர்களைவிட நான்தான் அதிகம் கவலைப்பட்டிருப்பேன்.

இன்னொன்று. என்னிடம் இரண்டு விலை உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. நேரத்துக்குத் தருகிறவருக்கு ஒன்று, இழுக்கிறவருக்கு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கூட்டி மற்றொன்று. எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவர் குறைவு. அடைவு வட்டியை யாரோ கட்டத்தானே வேண்டும். ஆக, பிந்தித் தருவதால் கொழும்புக்கு இலாபம் என்று உங்கள் கணக்காளர் நினைத்தால், என்னுடைய பழைய விலைமனுக்களையும் நகைக்கடைக்காரருக்குக் கொடுத்த விலைமனுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

நல்லூர்த் திருவிழா வருகிறது. கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது பனர், போர்ட், வளைவு என்று எல்லாரும் ஒரே நாளில் வருவீர்கள். இம்முறை, போர்ட் எரிந்த நாளிலிருந்து 45 நாள் என்ற அந்த ஒரு வரியோடு எழுத்தில் ஓடர் கொண்டுவருகிறவருக்குக் குறைந்த விலை, 45 நாள் கிரெடிற்றும் உண்டு. அந்த வரி இல்லாத ஓடருக்கு அரைவாசி முற்பணம், மிச்சம் போர்ட்டுக்குக் கரண்ட் கொடுக்க முன். தெரிந்தவர், தெரியாதவர், சொந்தக்காரர், எல்லாருக்கும் இதுதான்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகை செய்பவன்,
கொக்குவில்