பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனிச்சட்டம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகனோ மகளோ விவாகரத்து வாங்கினால், பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமை தாத்தா ஆயாவுக்குத் தானாகவே கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் வேதனை புரிகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவிலேயே இதே துக்கத்தோடு இருப்பவர்கள் உண்டு. ஆனாலும் அந்தத் திருத்தம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இருக்கிற சட்டத்திலேயே வழி இருக்கிறது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், 23ஆம் பிரிவு. ஒரு பிள்ளையின் பராமரிப்பிலோ நலனிலோ வளர்ச்சியிலோ அக்கறையுள்ள எவரும் தொடர்பு கேட்டு மனுப் போடலாம். தாத்தா ஆயா மட்டுமில்லை, அத்தையோ சித்தியோகூடப் போடலாம். இதற்கு ஹை கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு மாஜிஸ்திரேட் கோர்ட்டும் சிறுவர் நீதிமன்றம்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பிள்ளை எங்கே குடியிருக்கிறதோ அந்தப் பகுதிக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். மருமகள் பிள்ளையோடு ஜோகன்னஸ்பர்க் போய்விட்டால் அலைச்சல்தான். தொடர்பு என்றால் நேரில் பார்ப்பது மட்டுமல்ல, போனில் பேசுவதும் அதில் அடக்கம். வாரம் ஒரு வாட்ஸ்அப் அழைப்பாவது கேட்டு வாங்கலாமே!

கோர்ட் எதைப் பார்க்கும்? முதலில் பிள்ளையின் நலன். அப்புறம் உங்களுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு, இதுவரை நீங்கள் காட்டிய ஈடுபாடு, பிள்ளைக்காகச் செய்த செலவு. எங்கள் தெருவில் ஓர் ஆயா, பேத்தியைத் தினமும் க்ரெஷுக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கு, கூட்டிப்போய் ஃபீஸும் கட்டியவர். ரசீது இருக்கிறதா என்று கேட்டால், "சொந்தப் பேத்திக்குச் செஞ்சதுக்கு யாராவது ரசீது வைப்பாங்களா?" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார். வைக்க வேண்டும், அம்மா.

"காசு கேட்க மட்டும் எங்களைத் தேடி வருவார்கள்" என்ற குமுறலும் அந்த வாசகர் கடிதத்தில் இருந்தது. அது நியாயம்தான். பெற்றோரால் முடியாதபோது மெயின்டனன்ஸ், அதாவது பிள்ளையின் பராமரிப்புச் செலவு, தாத்தா ஆயா மீது விழலாம். கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளையானாலும் தகப்பன் வழித் தாத்தா ஆயாவுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு என்று பீட்டர்சன் வழக்கில் கேப் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பணம் கொடுத்ததற்கு ஈடாகப் பிள்ளையைக் காட்டு என்று கேட்க முடியாது.

சிறுவர் சட்டத்தின் 7ஆம் பிரிவு, விரிந்த குடும்பத்தோடும் தன் பண்பாட்டோடும் பிள்ளைக்குத் தொடர்பு இருக்க வேண்டிய தேவையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கஞ்சிக்கும் பேரனைக் கூட்டிப்போக ஆசைப்படும் தாத்தா, இதை மனுவில் எழுதலாம்.

பிறகு ஏன் தானாக வரும் உரிமை வேண்டாம் என்கிறேன்? நம் வீடுகளில் மகனும் பெற்றோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது சகஜம். அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மருமகளுக்கு ஆயா வீடும் அடித்தவன் வீடும் ஒன்றுதான். உரிமை தானாக வந்தால், யாரும் எதையும் விசாரிக்காமலே அந்தப் பிள்ளை அதே வீட்டுக்குத் திரும்பிப் போகும். அது போகட்டும், அடிதடியே இல்லாத வீட்டிலும், பிள்ளை உள்ளே நுழைந்ததும் "உங்கம்மா யாரோட சுத்துறா?" என்று துருவும் ஆயாக்கள் எனக்குத் தெரியும். பிள்ளை அம்மாவிடம் போய்ச் சொல்லாதா? அடுத்த வாரம் கதவு மூடினால் மருமகளை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

சண்டைக்காகவே பிள்ளையை ஒளிக்கும் தாய் தகப்பனும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. கோர்ட் உத்தரவு கையில் இருந்தும் பிள்ளையைப் பார்க்க விடாவிட்டால் அது அதே சிறுவர் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி குற்றம். அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கலாம். ஆனால் உத்தரவோ முறையான ஒப்பந்தமோ இருந்தால்தான் அது செல்லும். வாய்ப்பேச்சாக "ஞாயிற்றுக்கிழமை அனுப்புறேன்" என்று சம்பந்தி சொன்னதை வைத்துக்கொண்டு போலீசுக்குப் போய்ப் பயனில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் வழக்கில் பிள்ளையின் நலனை விசாரித்துக் கோர்ட்டுக்குச் சொல்லும் ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்தின் சேவை இலவசம். டர்பன் அலுவலகத்தின் முகவரியையும், சிறுவர் நீதிமன்றத்தில் மனுப் போடும் முறையையும் அடுத்த இதழில் தமிழில் வெளியிடுங்கள். இங்கிலீஷ் படிவத்தைப் பார்த்துப் பயந்தே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்