இன்ஜின் மாற்றிய மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கில் கடையில் வாங்கிய இன்ஜினை ஏற்றியதிலிருந்து ஏதோ சத்தம் வருகிறது என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். போன் மைக்கில் எந்த இன்ஜினும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போலத்தான் கேட்கும். அதை வைத்து நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அடியில் டைப் பண்ணியிருந்தாயே ஒரு வரி, "ஆக்சிலேட்டரை விடும்போதுதான் மாமா ஜாஸ்தி வருது" என்று, அது உருப்படியான தகவல். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பழைய ஸ்ப்ளெண்டரில் வேறு இன்ஜின் ஏற்றிவிட்டு இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஒரு ஆறுதல். நீ ஏற்றியிருப்பது அந்நியச் சரக்கு இல்லை. ஹீரோ ஹோண்டாவில் 1985இல் வந்த சி.டி.100, 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர், 2001இல் வந்த பேஷன் மூன்றுக்கும் அதே 97.2 சி.சி.தான், 50 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). அதனால்தான் சென்னை புதுப்பேட்டையின் பழைய பார்ட்ஸ் கடைகளில் போய் நின்றால் "எதை வேணா எதுல வேணா போடலாம் சார்" என்கிறார்கள். போடலாம்தான். உள்ளே தேய்ந்தது எவ்வளவு என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தெரு முனை மெக்கானிக் கேட்ட மாத்திரத்தில் "ஹாஃப் இன்ஜின் பிரிக்கணும்" என்றாராமே, அதாவது இன்ஜினின் மேல்பாதியை. பிரிக்க விடாதே. எல்லோரும் "டிக் டிக்குனு வருது", "கர கரங்குது" என்று சத்தத்தின் ஜாதகத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. அந்தச் சத்தம் எதோடு சேர்ந்து கூடுகிறது, எதோடு சேர்ந்து நிற்கிறது என்பதுதான். இன்ஜின் வேகத்தோடா, சக்கர வேகத்தோடா, கிளட்ச்சைப் பிடித்தாலா, சூடு ஏறினாலா, பாரம் ஏறினாலா? இதற்குப் பதில் கிடைத்தால் ஸ்பேனரை எடுக்காமலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் 40இல் போ. கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டுவிடு. இன்ஜின் ஸ்லோவுக்கு இறங்கிவிடும், வண்டி மட்டும் உருண்டு போகும். சத்தம் வண்டியோடு சேர்ந்து மெதுவாகக் குறைந்தால் அது பெரும்பாலும் இன்ஜின் இல்லை. செயின், செயின் கவர், வீல் பேரிங், பிரேக் ஷூ, முன்சக்கரத்து ஸ்பீடோமீட்டர் கேபிள், இதில் ஏதோ ஒன்று. இன்ஜின் மாற்றும்போது செயின் கவரின் இரண்டு பாதியையும் கழற்றி மாட்டியிருப்பீர்கள். அது கொஞ்சம் வளைந்து செயினில் உரசினால் போதும், கியர்பாக்ஸே போய்விட்டது என்று நினைக்க வைக்கும். கவரின் உள்பக்கம் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கிறதா பார். இன்ஜினோடு வந்த முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) புதிதாகவும் உன் செயின் பழையதாகவும் இருந்தாலும் கரகரக்கும். செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் தள்ளினால் சுமார் 25 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். பின்சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார். ஒரே இடத்தில் பார்த்து முடிவு பண்ணாதே.

நின்ற இடத்திலேயே இன்னொரு சோதனை. நியூட்ரலில் ஸ்லோவில் ஓடவிட்டு கிளட்ச்சைப் பிடி, விடு. பிடித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங் அல்லது கிளட்ச் ஹவுசிங். பிடித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச்சைத் தள்ளுகிற சின்ன பேரிங். இரண்டுமில்லாமல் அப்படியே இருந்தால் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), பிஸ்டன், ஹெட் (சிலிண்டரின் தலைப்பகுதி) பக்கம் போகலாம்.

அதற்கும் முன்னால் நீங்கள் கை வைத்த இடங்களைப் பார்த்துவிடு. இன்ஜின் கொண்டுவந்த சத்தத்தைவிட மாட்டியவர் கொண்டுவந்த சத்தம்தான் அதிகம் என்பது என் அனுபவம். மவுண்டிங் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுசாக இறுக்கிக்கொண்டே போயிருந்தால் ஃபிரேமும் இன்ஜினும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பெட்ரோல் டேங்க் வரைக்கும் "ம்ம்ம்" என்று அதிரும். எல்லா நட்டையும் லூஸ் பண்ணி, இன்ஜினை ஒரு தடவை ஆட்டி உட்காரவைத்து, அப்புறம் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. மேக்னெட் (கிராங்க் நுனியில் சுழலும் காந்தச் சக்கரம்) கவர் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் போட்டு முறுக்கினால் உள்ளே எதையாவது போய்த் தொடும். கவர் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பார்.

சைலன்சர் ரிங் பழையதையே போட்டீர்களா? இது பல பேரை ஏமாற்றியிருக்கிறது. ஹெட்டுக்கு அடியில் சைலன்சர் சேருகிற இடத்தில் புகை கசிந்தால் "டிச் டிச்" என்று அச்சு அசல் டப்பெட் (வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) மாதிரியே கேட்கும், அதுவும் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது. காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது அந்த இணைப்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு ஸ்டார்ட் பண்ணு. நுரை பொங்கினால் விஷயம் முடிந்தது. ஒரு ரிங் வாங்கப் போவதற்குப் பதிலாக ஹெட்டையே கழற்றியவர்கள் உண்டு.

நிஜமாகவே டப்பெட் என்றால் அதற்கு ஒரு தாளம் உண்டு. ஸ்லோவில் இந்த இன்ஜின் நிமிஷத்துக்கு 1400 சுற்று ஓட வேண்டும். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு அதில் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆக, ஒரு டப்பெட் தட்டினால் நொடிக்குப் பன்னிரண்டு தடவை போலக் கேட்கும்; கிராங்க் பக்கத்துச் சத்தம் அதைப் போல இரண்டு மடங்கு. எண்ண முடியாது, ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டால் காது பிரித்துவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை ஹெட்டில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேள். சத்தம் பளிச்சென்று வரும் இடத்தைத் தேடி நகர்த்திக்கொண்டே போ. வலதுபக்கம் கிளட்ச் கவர், இடதுபக்கம் மேக்னெட் கவர், சிலிண்டர், ஹெட்டின் மேலும் கீழும் உள்ள டப்பெட் மூடிகள். சுற்றுகிற எதன் பக்கமும் துணி நுனியைக் கொண்டுபோகாதே. டப்பெட் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது; ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லாமல் கைக்கணக்கில் வைக்கிறவர் வைக்கட்டும், உன் வண்டியில் வேண்டாம். ரொம்ப டைட் வைத்தால் சத்தம் போய்விடும், கொஞ்ச நாளில் வால்வும் போய்விடும்.

இப்போது நீ எழுதிய வரிக்கு வருகிறேன். ஆக்சிலேட்டரை விடும்போது கூடுகிற, ஹெட்டின் இடதுபக்கம் சரசரக்கிற சத்தம் என்றால் என் சந்தேகம் கிராங்க்கிலிருந்து கேமைச் சுற்றவைக்கும் டைமிங் செயின் மேல்தான். இந்த இன்ஜினில் செயின் இடதுபக்கம், மேக்னெட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. அதைத் தொய்யாமல் பிடிப்பது ரப்பர் ரோலர்களும், அடியிலிருந்து ஸ்பிரிங்கால் தள்ளப்படும் ஒரு ராடும்தான். கடையில் வருஷக்கணக்கில் எண்ணெய் இல்லாமல் கிடந்த இன்ஜினில் ரப்பர் கல்லாக இறுகி, வெடித்து, தேய்ந்திருக்கும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது செயினின் ஒரு பக்கம் விறைப்பாக நிற்கும். விட்டதும் தொய்வு பக்கம் மாறி அடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். சூடான பிறகும் அடித்தால் ரோலர்களையும் செயினையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரோலர் மட்டும் போதும் என்று மிச்சம் பிடிக்காதே, நீண்டுபோன செயின் புது ரோலரையும் தின்றுவிடும்.

அந்த ராடின் போல்ட் இன்ஜினுக்கு அடியில் இருக்கிறது. ஆயில் டிரெய்ன் போல்ட் என்று நினைத்து அதைக் கழற்றுவது ஊருக்கு ஊர் நடக்கிற கூத்து. ஸ்பிரிங் கையில் வந்து விழும். வேண்டுமென்றே கழற்றினால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறதா, ராடின் ரப்பர் நுனி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆயில் வடிகட்டும் சல்லடையில் கறுப்பு ரப்பர்த் துணுக்கு கிடந்தால் வேறு சாட்சி வேண்டாம். 10டபிள்யூ30 ஆயில் போதும். அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகாமல் சும்மா செருகிப் பார்.

ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் பயப்படு. ஏற்றத்தில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது, இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து "டொக் டொக்" என்று கனமாக வந்து ரேஸ் பண்ணினால் கூடுமானால் அந்த இடத்திலேயே ஆஃப் பண்ணித் தள்ளிக்கொண்டு வா. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். பிளக்கைக் கழற்றி, மேக்னெட்டைக் கையால் பிடித்து பிஸ்டன் மேலே வரும் இடத்தில் முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால், பிஸ்டன் நகர்வதற்கு முன்பே "டக்" என்று ஒரு வெற்று ஆட்டம் கையில் தட்டுப்படும். அப்படித் தட்டினால் செலவு பண்ணாதே. கடை பில் இருக்கிறதல்லவா, இன்ஜினைத் திருப்பிக் கொடுக்கப் பார்.

அந்த பில்லைத் தொலைக்காதே என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஆர்.சி.யில் இருப்பது பழைய இன்ஜின் நம்பர். மாற்றியதை ஆர்.டி.ஓ. ஆபீசில் பதியாமல் ஓட்டினால், இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில் வம்பு. அப்பாவிடம் சொல்லி வை, அவர் பெயரில்தானே வண்டி.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மேக்னெட்டை இழுத்துக் கழற்றும் புல்லரும் ஃபீலர் கேஜும் என்னிடம் இருக்கின்றன. சைலன்சர் ரிங் ஒன்று, மேக்னெட் கவர் பேக்கிங் ஒன்று, ஒரு பாட்டில் ஆயில் வாங்கி வை. ரோலர் செட்டை இப்போதே வாங்காதே, பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். அதுவரை கிளட்ச் சோதனையும் சோப்புத் தண்ணீரும் மட்டும் பார்த்து, என்ன நடந்தது என்று எழுத்தில் அனுப்பு. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

அன்புடன்,
மாமா