குடோனுக்குள் நடக்கும் விசாரணை: குமரி மாவட்ட வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் வாடிக்கையாளரே பொருளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் கடைகள் பெருகியபோது, கடைத்திருட்டும் கூடவே வந்தது. அதனால் ஏற்படும் நட்டத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால், பிடிபட்டவரைக் குடோனுக்குள் அழைத்துச் சென்று அரிசி மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தி, "உண்மையைச் சொல்" என்று அடிக்கும் வழக்கம் உங்கள் பணியாளர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை, இம்மாவட்ட நீதிமன்றங்களில் வழக்காடுபவன் என்ற முறையில் எழுத வேண்டியிருக்கிறது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி, திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. எனினும் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டுமே. சரக்கு வைக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்று 305-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டால் ஏழாண்டு வரை போகலாம். ஆனால் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைக் காவல் நிலையமும் நீதிமன்றமும் முடிவு செய்யுமே தவிர, கடை மேலாளர் அல்ல.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவோ பொருளைத் திரும்பப் பெறுவதற்காகவோ ஒருவரை அடித்துக் காயப்படுத்தினால், 120-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. எலும்பு முறிவு போன்ற கொடுங்காயமானால் பத்தாண்டு வரை. அதே நோக்கத்தில் அறைக்குள் பூட்டி வைத்தால் 127-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை. ஒரு பவுடர் டப்பாவை எடுத்தவர் சமூக சேவையோடு வீடு திரும்ப, அவரை அறைந்த விற்பனைப் பையன் ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதுதான் இதன் முடிவு. முதலாளியின் நன்மைக்காகவே கை ஓங்கியதாக அவன் நம்புகிறான். முதல் தகவல் அறிக்கையிலோ அவன் பெயர்தான் இருக்கும்.

அப்படியானால் கண்ணெதிரே எடுப்பவரை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. உடைமையைக் காக்கத் தேவையான அளவு பலத்தைச் சட்டம் அனுமதிக்கிறது; பொருள் கைக்கு வந்ததுமே அந்த உரிமை முடிந்துவிடுகிறது. தன் கண்முன் ஜாமீனில் விடத்தகாத, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் செய்பவரைத் தனிநபரும் பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். 303-ஆம் பிரிவின் கீழான 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு அந்த வகையில் சேராது என்பதைப் பலர் அறிவதில்லை.

ஒரு கடையின் கல்லாவுக்கு மேல், "திருடினால் பத்து மடங்கு அபராதம்" என்ற அறிவிப்பையும், அதன் கீழ் சிசிடிவியிலிருந்து எடுத்து லேமினேட் செய்த ஒரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். அவர் இடுப்பில் குழந்தை இருந்தது. அபராதம் விதிக்கும் அதிகாரம் கடைக்குக் கிடையாது. "போலீசைக் கூப்பிடுவேன்" என்று மிரட்டிப் பத்து மடங்கு வாங்குவது பணம் பறித்தல் என்ற குற்றமாகலாம்; நீதிமன்றம் தீர்ப்பளிக்காத ஒருவரின் முகத்தைத் திருடி என்று மாட்டுவது அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும்.

பணியாளரின் கோபத்துக்கு ஒரு காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஸ்டாக் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கும் கடைகளில், திருட்டு அவருடைய சொந்த இழப்பாகிவிடுகிறது. அவருடைய கவனக்குறைவே நேரடிக் காரணம் என்றால் மட்டும், அதுவும் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம் என்பது ஊதியச் சட்டம்.

ஓணத்துக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் கிறிஸ்துமசுக்கும் தற்காலிக ஆட்களைச் சேர்க்கும் முன்பாக, அடிக்கவோ பூட்டிவைக்கவோ உடலைச் சோதிக்கவோ கூடாது, சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்திக் காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று எழுத்து மூலமான அறிவுறுத்தலை உறுப்பினர் கடைகள் அனைத்துக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் முதலாளியின் கையொப்பமும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வழக்கறிஞர் ஒருவர்