முகக்கவசமும் முதலுதவிப் பெட்டியும்: ஒரு புகார் கடிதம்

விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: சிறுமியர் மென்பந்து (சாஃப்ட்பால்) முகக்கவசம் 12, முதலுதவிப் பெட்டி 1 – குறைபாடு, தவறான விளம்பரம், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளின் மென்பந்துக் குழுவுக்காகத் தங்கள் இணையக் கடையில், பந்தடியிலிருந்து முகத்தைக் காக்கும் கம்பிக் கூண்டு முகக்கவசம் ஒன்று 89 ரிங்கிட் வீதம் பன்னிரண்டும், 140 ரிங்கிட்டுக்கு முதலுதவிப் பெட்டி ஒன்றும் வாங்கினோம். மொத்தம் 1,208 ரிங்கிட். ரசீது நகலும் படங்களும் இணைத்துள்ளோம். குறைகளைச் சொன்னதற்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு "வழக்கமான தேய்மானம்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டதால் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் அளவு. "8 முதல் 17 வயது வரை ஒரே அளவு" என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாடையும் படிவம் ஐந்து மாணவியின் தாடையும் ஒன்றா? இந்தக் கவசம் முகத்தில் நிற்பது இரண்டே பிடிப்பில்: நெற்றித் திண்டு, தாடைக் கிண்ணம். கிண்ணம் பெரிதாக இருந்தால் ஓடும்போது கூண்டு கீழே சரிகிறது. புருவத்துக்கு மேல் இருக்க வேண்டிய கம்பி கண்ணுக்கு நேரே வந்துவிடுகிறது. பந்து தெரியாத பிள்ளை கவசத்தைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுத்தான் ஆடும். பின்பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும் என்பது தங்கள் ஆலோசனை. இறுக்கினால் கூண்டு முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மூக்குக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரல் நுழையவில்லை. அந்த நிலையில் பந்து பட்டால் கம்பியே மூக்கை உடைக்கும்.

12 அங்குலச் சுற்றளவுள்ள மென்பந்து 177 முதல் 198 கிராம் எடை. அமெரிக்க விதிப்படி 12 வயதுப் பிரிவில் பிட்சர், அதாவது பந்தெறியும் பிள்ளை, எறியும் தூரம் 40 அடி. எறிந்து முடிக்கையில் காலடி முன்னே வந்து, மட்டைக்கும் அவளுக்கும் ஏறக்குறைய பத்து மீட்டர்தான் மிஞ்சும். மணிக்கு 90 கிலோமீட்டரில் திரும்பும் பந்துக்கு அந்தத் தூரம் 0.4 வினாடி. பண்ட், அதாவது மட்டையால் மெல்லத் தட்டிவிடும் பந்து, வரும் என்று முன்னேறி நிற்கும் தர்ட் பேஸ் (மூன்றாம் தளக் காவல்) பிள்ளைக்கும் இதே கதிதான். கையுறையை உயர்த்த நேரமில்லாத இந்த இரண்டு இடத்துக்காகத்தான் முக்கியமாகக் கவசம் வாங்கினோம்.

அடுத்து பற்றவைப்பு. பன்னிரண்டில் ஐந்து கவசங்களில், தாடைப் பக்கம் குறுக்குக் கம்பி சட்டத்தைச் சேரும் மூலையில் வண்ணப்பூச்சு முடி அளவு கோடாக வெடித்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் கம்பி அசைகிறது. உள்ளே செம்பழுப்புத் துரு. கம்பி முனையைச் சட்டத்தின் மேல் வெறுமனே முட்டவைத்து ஒரு புள்ளி மட்டும் பற்றவைத்து, அதன்மேல் பூச்சைப் பூசியிருக்கிறார்கள். வியர்வையும் மாலை மழையும் அந்த வெடிப்பில் இறங்காமல் என்ன செய்யும்? பந்து பட்டு அந்த முனை விடுபட்டால் அது கன்னத்துக்கு நேரே நீட்டிய ஆணி. இதைத் தேய்மானம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

தாடைக் கிண்ணத்தின் வெல்குரோவைப் பசையால்தான் ஒட்டியிருக்கிறீர்கள். மத்தியான வெயிலில் வேனுக்குள் இருந்தால் பசை இளகிக் கிண்ணம் கையோடு வந்துவிடுகிறது. தைத்திருக்க வேண்டும். மாற்றுக் கிண்ணம் கேட்டால் "உதிரிப் பாகம் விற்பனைக்கு இல்லை" என்கிறீர்கள்.

இவற்றைவிட ஆபத்தானது அட்டையின் பின்பக்கம்: "பேட்டர், கேட்சர், ஃபீல்டர் மூவருக்கும் ஏற்றது, ஹெல்மெட்டில் துளையிட்டும் பொருத்தலாம்." இது களத்தில் நின்று பந்தைத் தடுக்கும் ஃபீல்டருக்கான கவசம். இதில் மண்டைக்கு ஓடு இல்லை, காது மூடாது, தொண்டைக் காப்பும் கிடையாது. மட்டையில் உரசித் திசைமாறும் பந்து, பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் தொண்டையில் பட்டால் மூச்சுக்குழாய்க்கே ஆபத்து. ஹெல்மெட்டில் துளையிடலாம் என்பது அதைவிட மோசம். துளை போட்ட இடத்திலிருந்து ஓடு விரியும்; தயாரித்தவர் அனுமதிக்காத துளை விழுந்தால் நாக்ஸி (NOCSAE) என்ற அமெரிக்க விளையாட்டுக் கவசத் தர அமைப்பின் சான்றும் செல்லாது. அந்த வாசகத்தை நம்பி வேறு குழுக்கள் இந்நேரம் துளை போட்டிருக்கக்கூடும்.

முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, பிளாஸ்டர், காயத்துக்குத் தடவும் மஞ்சள் மருந்து, ஆஸ்பிரின் மாத்திரை, உடைத்தால் குளிரும் பை இரண்டு. ஆஸ்பிரினை 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. இரத்தம் உறைவதையும் அது தாமதப்படுத்தும். குளிர்ப்பை ஒன்று ஏற்கெனவே கசிந்து உப்புக் கட்டியாகிவிட்டது. அந்த இரசாயனம் கண்ணருகே பட்டால் என்னாகும்? உப்புக்கரைசல், கிருமி நீக்கிய துணி, கையுறை, கண்ணை அழுத்தாமல் மூடும் கடினமான கண்மூடி எதுவும் இல்லை. கண் சிறப்பு மருத்துவத்துக்கு ஈப்போ வரை போக வேண்டிய ஊர்க்காரர்களுக்கு அந்தக் கடைசிப் பொருள்தான் முக்கியம்.

பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளை யார் எழுதினாரோ! மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்கிறது. முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடமாவது விடாமல் பிடிக்க வேண்டும். அண்ணாந்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். விழுந்த பல்லை "நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பஞ்சில் சுற்றவும்" என்கிறது. தேய்த்தால் வேரைச் சுற்றியுள்ள உயிர்த் திசு செத்துவிடும். நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி, உடனே குழியில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர வேண்டும். பால்பல்லைத் திரும்பச் செருகவே கூடாது. தலையில் அடிபட்ட பிள்ளையைப் "பத்து நிமிட ஓய்வுக்குப் பின் ஆட விடலாம்" என்ற வரியை உடனே நீக்குங்கள். மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் கிடையாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம், வலிப்பு இருந்தால் 999.

நாங்கள் கேட்பது: 1,208 ரிங்கிட்டை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும், பொருள்களை எடுத்துச்செல்லும் செலவு தங்களுடையது. "மூவருக்கும் ஏற்றது", "துளையிடலாம்" என்ற வாசகங்களை அட்டையிலிருந்தும் இணையப் பக்கத்திலிருந்தும் நீக்கி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இந்தப் பற்றவைப்புள்ள சரக்கு கடையில் மீதமிருந்தால் விற்பனையை நிறுத்துங்கள். இனி விற்பதானால் குறைந்தது இரண்டு அளவு, தாடை அளவு அட்டவணை, தனியாக வாங்கக்கூடிய கிண்ணமும் பட்டையும் வேண்டும். மாற்றுக் கவசம் அனுப்பிச் சமாளிக்க வேண்டாம். அதே அச்சில் வந்த இன்னொன்று எங்களுக்குத் தேவையில்லை.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், சொன்ன பயனுக்குப் பொருந்துதல், உதிரிப் பாகம் கிடைத்தல் மூன்றுக்கும் உத்தரவாதம் தருகிறது. 14 நாளில் எழுத்துப்பூர்வப் பதில் வராவிட்டால் 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதிவு செய்வோம். வெடித்த ஐந்து கவசங்களும் பிரித்தபடியே பெட்டியும் சான்றுக்காகப் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. தங்கள் பிரதிநிதி வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
மென்பந்துக் குழுப் பொறுப்பாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்