பாரமான ஆளுக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் பழைய பாணி மோட்டார் சைக்கிள்களைப் பற்றி வந்த பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். எஞ்சின், விலை, நிறம், ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று எல்லாம் இருந்தது. ஓட்டப்போகிற ஆளின் உயரத்தையும் பாரத்தையும் பற்றி ஒரு வரி இல்லை. நான் 6 அடி 2 அங்குலம், 118 கிலோ. வீடு மாங்குளத்தில், வயல் ஒட்டுசுட்டான் பக்கம், மகள் கல்யாணம் முடித்துக் கிளிநொச்சியில் இருக்கிறாள், அதனால் கிழமையில் நாலைந்து நாள் நான் மோட்டார் சைக்கிளில்தான். என்னைப் போல உடம்பு உள்ளவர்கள் வன்னியில் எத்தனையோ பேர், வாங்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தத்தால் பெற்றோல் தடை இருந்த காலத்தில் அப்பாவின் ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிளை ஓடியவன் நான். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். அப்போது வயது இருபதுகளில், உடம்பும் இவ்வளவு இல்லை, எதில் ஏறினாலும் ஓடியது. மீள்குடியேறி வந்த பிறகு 2012 இல் ஒரு 100 சிசி புதிதாக எடுத்தேன். கடையில் அதை டபுள் ஸ்ராண்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏறி இருந்தேன், வசதியாகத்தான் இருந்தது. "றோட்டில் ஒருக்கா ஓடிப் பார்க்கலாமா" என்று கேட்டேன். "எல்லாரும் ஓடுற சைக்கிள்தானே அண்ணை, இதில என்ன பார்க்கிறது" என்றார் அந்தத் தம்பி. எனக்கும் அவசரம், காசைக் கட்டிவிட்டேன்.

டபுள் ஸ்ராண்டில் நிற்கும்போது பின் சில்லு நிலத்தில் படாது, ஆளின் பாரம் அதிர்ச்சியைத் தாங்கும் சொக்கப்சோபருக்குப் போகாது. அதனால் சீற் உண்மையில் இருப்பதை விட உயரமாகத் தெரியும். றோட்டுக்கு வந்ததும் பின்பக்கம் அப்படியே கீழே தாழ்ந்துவிட்டது. திருப்பும்போது ஹான்டில் முழங்காலில் இடித்தது. வயலுக்குப் போகிற கிரவல் றோட்டில் ஒவ்வொரு கிடங்குக்கும் சொக்கப்சோபர் அடித்தட்டும், அந்த அடி நேரே முதுகெலும்பில் விழும். ஒன்றரை வருடத்தில் பின் சில்லில் ஆறு கம்பி உடைந்தது. வவுனியாவுக்குப் போனால் 50 கிலோமீற்றர்கூட இல்லை, ஆனால் இறங்கும்போது கால் மரத்துப்போய் நிற்க முடியாது. சைக்கிளில் பிழை ஒன்றும் இல்லை. அது என் உடம்புக்குச் செய்ததில்லை. அதை எனக்கு விற்கும்போது ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் என் மனவருத்தம்.

2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகு ஊரெல்லாம் புது மோட்டார் சைக்கிள் கதைதான். இளம் பெடியளுக்கும் பழைய பாணி பிடித்திருக்கிறது. எனக்கும் பிடிக்கும், ஆனால் நான் சொல்லவந்தது அழகை அல்ல. உயரமான, பாரமான ஆளுக்கு அந்தப் பாணியே பொருந்துகிறது என்பதைத்தான். றோட்டுகள் மோசமாக இருந்த காலத்து வடிவம் அது. முதுகு நேராக இருக்கும், ஹான்டில் அகலமாகக் கைக்கு வரும், சீற் அகலம், சில்லு பெரிது. நான் இப்போது வைத்திருப்பது ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, 2021 இல் புது எஞ்சினோடு வந்த வகை. முன் சில்லு 19 அங்குலம், பின் சில்லு 18. பெரிய சில்லு கிடங்குக்குள் விழாமல் மேலால் உருண்டு போகும், குளக்கட்டு வழியே ஓடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். சீற் உயரம் 805 மில்லிமீற்றர், சைக்கிளின் பாரம் 195 கிலோ. அந்தப் பாரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். என் போன்ற ஆளுக்கு அது நல்லது, A9 பெருந்தெருவில் பெரிய பஸ் ஒன்று பக்கத்தால் போனாலும் ஆடாது. வீட்டு வளவுக்குள் தள்ளித் திருப்புவது மட்டும் கஷ்டம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் பெரிதாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளாசிக்கில் 20 குதிரைவலுதான், ஆனால் 27 நியூட்டன் மீற்றர் இழுவை, எஞ்சின் நிமிடத்துக்கு 4000 தரம் சுற்றும்போதே வந்துவிடுகிறது. நானும் மனைவியும் இருக்க, ஒரு சாமான் பையும் தொங்க, கியரைக் குறைக்காமலே போகிறது. ஊர்மனைக்கு வெளியேயும் மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 70 தான் சட்டம், அதற்கு இது தாராளம்.

சீற் உயரத்தை எல்லாப் பிரசுரத்திலும் போடுகிறார்கள். உயரமான ஆளுக்கு அது பாதிக் கணக்கு. சீற்றுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதுதான் முழங்காலுக்கும் இடுப்புக்கும் வேண்டியது, அதை எவரும் போடுவதில்லை. நீங்களே அளக்க வேண்டும். சைக்கிளை ஸ்ராண்டிலிருந்து இறக்கி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, முழுப் பாரத்தையும் கொடுத்து இருந்து, கால் இரண்டையும் ஃபுட்ரெஸ்ட்டில் வையுங்கள். இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். முழங்கால் 90 பாகைக்கு உள்ளே மடங்குகிறதென்றால் அது தூரப் பயணத்துக்கு உங்களுக்குச் சரிவராது, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ஹான்டிலை இரண்டு பக்கமும் முழுவதாகத் திருப்பி முழங்காலில் படுகிறதா என்றும் பாருங்கள்.

அதே கம்பனியின் மீற்றியோர் 350 இல் சீற் உயரம் 765 மில்லிமீற்றர்தான், ஆனால் ஃபுட்ரெஸ்ட் முன்னுக்கு இருப்பதால் கால் நீட்டி இருக்கலாம். A9 இல் மட்டும் ஓடுகிறவருக்கு அருமை. கிடங்கு றோட்டில் எனக்கு அது பிடிக்கவில்லை, கால் முன்னுக்கு இருந்தால் கிடங்கு வரும்போது எழும்பி நிற்க வராது, அடி முழுவதும் இடுப்புக்குத்தான். ஹன்ரர் 350 க்கு இரண்டு சில்லும் 17 அங்குலம், ஆளும் சைக்கிளும் அளவு ஒவ்வாமல் தெரியும், உயரமானவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது பாரம். சைக்கிள் மொத்தமாகத் தாங்கக்கூடிய பாரம் கைநூலில் இருக்கும். அதில் சைக்கிளின் சொந்தப் பாரத்தைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்கும், பின்னால் இருப்பவருக்கும், உரப்பைக்கும் சேர்த்து உள்ள இடம். ரயரின் பக்கத்தையும் பாருங்கள், அளவுக்குப் பிறகு ஒரு சின்ன இலக்கம் இருக்கும். 50 என்றால் அந்த ரயர் 190 கிலோ தாங்கும், 62 என்றால் 265 கிலோ. என் கிளாசிக்கின் பின் ரயரில் 62 இருக்கிறது. ரயர் மாற்றும்போது விலை குறைவு என்று சின்ன இலக்கம் உள்ளதைப் போட்டுவிடாதீர்கள்.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது பின் சொக்கப்சோபர் மெல்லிய ஆளுக்கு ஏற்ற மாதிரித்தான் இருக்கும். கிளாசிக்கில் அதன் இறுக்கத்தை ஆறு படியில் கூட்டலாம், ஒரு திறப்பும் ஐந்து நிமிடமும் போதும், என் கராஜ்காரத் தம்பி செய்து தந்த அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. தனியே ஓடினாலும் இரண்டு பேருக்குச் சொன்ன காற்று அளவை ரயருக்கு அடியுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன் லைற் மேலே எழும்பிவிடும், எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும், உங்களுக்கோ றோட்டில் படுத்திருக்கிற மாடு தெரியாது. இரவில் கனகராயன்குளம், புளியங்குளம் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. லைற்றைத் தாழ்த்தி வையுங்கள். கம்பிச் சில்லு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பி இறுக்கிப் பார்க்க வேண்டும். ஊரில் துவிச்சக்கரவண்டி திருத்துகிற கடையிலும் ரியூப் ஒட்டலாம் என்பதற்காக நான் கம்பிச் சில்லு எடுத்தேன், ரியூப் இல்லாத அலோய் சில்லு எடுத்தவர்களையும் பிழை சொல்லமாட்டேன். சீற்றுக்குள் இருந்த ஸ்பொஞ்சை எடுத்துவிட்டு இறுக்கமானதாக ஒரு அங்குலம் கூட்டித் தைப்பித்தேன், முழங்காலுக்கு இன்னும் இடம் கிடைத்தது. இப்போது முறிகண்டியில் நிற்பது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும்தான், இடுப்பை நிமிர்த்த அல்ல.

இன்னொன்று, சாரதி அனுமதிப்பத்திரத்தில் A1 வகை மட்டும் உள்ளவர்கள் 100 சிசிக்கு மேல் ஓட முடியாது. முதலில் A வகை எடுங்கள், பிறகு சைக்கிளுக்குக் காசு கட்டுங்கள்.

ஆசிரியரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது, சைக்கிள் தாங்கும் பாரத்தையும் சீற்றிலிருந்து ஃபுட்ரெஸ்ட்டுக்கு உள்ள தூரத்தையும் சேர்த்துப் போடுங்கள், இரண்டு வரிதான். விற்பனை செய்கிறவர்களும் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். காசு கட்டுமுன் ஆளை டபுள் ஸ்ராண்டில் இருத்தாமல், பத்து நிமிடம் றோட்டில் ஓடவிடுங்கள். இத்தனை லட்சம் கொடுக்கிறவனுக்கு அந்தப் பத்து நிமிடம் உரிமை.

என் தங்கையின் மகன் என்னிலும் ஒரு அங்குலம் உயரம். வருகிற சனிக்கிழமை வவுனியாவுக்கு சைக்கிள் பார்க்கப் போகிறான், நானும் கூடப் போகிறேன். அளவுநாடாவை அவன் பைக்குள் இன்றைக்கே வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
மாங்குளம் வாசகர் ஒருவர்