எங்கள் சர்வரின் கண்காணிப்புத் திரை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடப்பது குறித்த புகார்

அனுப்புநர்
பங்குதாரர்,
மாம்பழக் கூழ் ஆலை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
சர்வர் பராமரிப்பு நிறுவனம்,
பெங்களூரு.

நாள்: ஆனி 14

பொருள்: கண்காணிப்புத் திரைக்கான 19999 போர்ட் (சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) இன்னும் மூடப்படாதது, புகாரை முடித்துவைத்தது தொடர்பாக.

ஐயா,

எங்கள் எடைமேடை, கணக்கு, இணையதளம் மூன்றும் ஓடுகிற சர்வரை நான்கு வருடமாக நீங்கள்தான் பராமரிக்கிறீர்கள். போன வாரம் "தீர்க்கப்பட்டது" என்று நீங்கள் முடித்துவைத்த புகார் தீரவில்லை. மறுபடி டிக்கெட் போட்டால் அதையும் அப்படியே முடித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பெங்களூரா மாங்காய் இறங்கும் நேரம் இது. டன்னுக்கு என்ன விலை என்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அன்று விலை பேச வந்த தரகர் டீயைக்கூட முடிக்காமல், "ராத்திரி பதினொண்ணுக்கு மேல உங்களுக்கு ஒரு வண்டிகூட வரலியேண்ணா, மெஷின் சும்மாதான நிக்குது? கிலோவுக்கு ஒரு ரூபா சேத்துக் குடுங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். செல்போனை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். எங்கள் ஆலையின் இணையதள முகவரி, அதன் பின்னால் ஒரு முக்காற்புள்ளி, 19999. அவ்வளவுதான். கடவுச்சொல் கேட்கவில்லை. எங்கள் சர்வரின் மூச்சு நொடிக்கு நொடி அந்தத் திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய மச்சான் காட்டிக்கொடுத்தாராம்.

வண்டி எடைமேடையில் ஏறினால் கேமரா படம் சர்வருக்குப் போகும். வரைபடத்தில் ஒரு மேடு. காயை இறக்கிவிட்டுக் காலி வண்டி எடை போட வந்தால் இன்னொரு மேடு. இரண்டு மேட்டுக்கு ஒரு லோடு என்று எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். தரகர்மேல் எனக்குக் கோபம் இல்லை. திறந்து கிடந்தது, பார்த்தார். அன்று அவர் கேட்ட விலையைத்தான் கொடுத்தேன், வேறு வழியில்லை.

இதைச் சொன்னபோது உங்கள் ஆள் போனில் தந்த பதில்: "பார்க்க மட்டும்தான் சார் முடியும், எதையும் மாற்ற முடியாது." பார்ப்பதால்தானே எனக்கு நஷ்டம்? அதோடு, எந்த டேட்டாபேஸ் ஓடுகிறது, என்னென்ன புரோகிராம்கள், எந்தெந்தப் பயனர் பெயர்களில் ஓடுகின்றன, எந்த வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதெல்லாம் அதே திரையில் இருக்கிறது. திருட வருகிறவனுக்கு வீட்டு வரைபடத்தைக் கையில் கொடுத்த மாதிரி. இந்தத் திரையைக் காட்டும் நெட்டேட்டா என்ற கண்காணிப்பு மென்பொருளைக் குறை சொல்லவில்லை. நிறுவியபடியே விட்டால் அது கேட்டவருக்கெல்லாம் காட்டும். பூட்டுவது நிறுவுகிறவர் வேலை. அதற்குத்தான் மாதாமாதம் உங்களுக்குப் பணம் கட்டுகிறோம்.

இனி நீங்கள் செய்த 'தீர்வு'. சர்வருக்குக் காவலான யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 19999-ஐ மறித்துவிட்டதாக ஒரு ஸ்கிரீன்ஷாட், 'டினை' (அனுமதி மறுப்பு) என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதைப் பார்த்த அதே நிமிடம் என் செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு, வெளியாள் மாதிரி அந்த முகவரியைத் திறந்தேன். திறந்தது. இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன்தான் காரணம் கண்டுபிடித்தான். நெட்டேட்டாவை டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் முறை) போட்டு, போர்ட்டை எல்லா முகவரிகளுக்குமாக வெளியே விட்டிருக்கிறீர்கள். யாரை உள்ளே விடுவது என்பதற்கான ஐபிடேபிள்ஸ் விதிகளை டாக்கர் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும். அந்தப் போர்ட்டுக்கு வரும் போக்குவரத்து, உங்கள் ஃபயர்வால் காவல் நிற்கிற வாசலுக்கே வராமல் வேறு வழியாக உள்ளே போய்விடும். டாக்கரின் ஆவணத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லூரிப் பையன் அரை மணி நேரத்தில் படித்ததை உங்கள் பொறியாளர் படிக்கவில்லை. அதைவிட, மூடிய பிறகு வெளியிலிருந்து ஒரு தடவை திறந்து பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கடிதம் கிடைத்த அன்றே அந்தக் கன்டெய்னரை நிறுத்துங்கள். மறுபடி ஓட்டும்போது போர்ட்டை 127.0.0.1-க்கு, அதாவது அந்தச் சர்வருக்குள்ளேயே மட்டும், கட்டுங்கள். குறிப்பிட்ட ஐபி (இணைய முகவரி) ஒன்றுக்கு மட்டும் அனுமதி என்று வைத்தால் எங்களுக்கு ஒத்துவராது. எங்கள் பிராட்பேண்ட் முகவரி மாறிக்கொண்டே இருக்கும், சீசனில் நான் பாதி நாள் தோப்பில் நின்று செல்போனில் பார்ப்பவன். அதனால் எங்களுக்கு மட்டுமான மறையாக்கப்பட்ட பாதையான வயர்கார்ட் விபிஎன் வழியாகக் கொடுங்கள். முடியாவிட்டால் வாயிற்காவல் மாதிரி என்ஜின்எக்ஸ் மென்பொருளை முன்னால் வைத்து, கடவுச்சொல்லும் எச்டிடிபிஎஸ் மறையாக்கமும் சேர்த்தே போடுங்கள். டாக்கரில் ஓடும் மற்றவற்றின் போர்ட்டுகளையும் வெளியிலிருந்து ஸ்கேன் செய்து முடிவை அனுப்புங்கள்.

இன்னொன்று. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி லாகுகளை (சர்வரின் நடவடிக்கைப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அந்தத் திரையை எந்தெந்த முகவரியிலிருந்து, எத்தனை நாளாகப் பார்த்திருக்கிறார்கள் என்ற லாகு எங்களுக்கு வேண்டும். சர்ட்-இன்னுக்கு அறிவித்தீர்களா, இல்லையென்றால் ஏன் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். மேலே கேட்டவை ஏழு நாளில் வரவில்லை என்றால் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். அதற்கான பேக்கப்பைத் தடையில்லாமல் தர வேண்டும்.

இப்படிக்கு,
பங்குதாரர்

இணைப்பு: உங்கள் ஸ்கிரீன்ஷாட்; அதே நேரத்தில் என் செல்போனில் எடுத்த படம்.